நாட்பட்ட கழுத்து வலி: ஊசி தரும் அவகாசமும் பயிற்சி தரும் வலுவும்

வலி சிகிச்சைப் பிரிவில் எங்கள் எதிரே அமரும் நோயாளிகள் பலரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த நரம்பு ஊசியைப் போட்டுக்கொண்டால் வலி அடியோடு போய்விடுமா?" கேட்பவர் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வலியுடன் வாழ்ந்தவராக இருப்பார். மாத்திரை, தைலம், கழுத்துப் பட்டை, சுளுக்கு வழித்தல், தலையணை மாற்றம் என எல்லாவற்றையும் முயன்று பார்த்திருப்பார். உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ விடைக்காக எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேர்மையான விடை இதுதான். கழுத்து வலியின் ஒரு குறிப்பிட்ட வகைக்கு நரம்புச் சிகிச்சை பல மாதங்கள் நீடிக்கும் நிவாரணத்தைத் தர வல்லது. ஆனால் அது காலவரம்பு உடைய நிவாரணம். அந்த மாதங்களில் கழுத்துத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்திக்கொள்பவருக்கும், வலி போயிற்று என்று இருந்துவிடுபவருக்கும் பின்னாளில் பெரிய வேறுபாடு உண்டாகிறது. ஏன் அப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலி எங்கிருந்து பிறக்கிறது?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அடுத்தடுத்த எலும்புகளுக்கு இடையே முன்புறத்தில் 'டிஸ்க்' எனப்படும் தட்டு இருக்கிறது. பின்புறத்தில் இடமும் வலமுமாக இரு சிறு மூட்டுகள் இருக்கின்றன. இவற்றை ஃபேசட் மூட்டுகள் என்பர். தலையைத் திருப்பும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்பவை இவைதாம். முழங்கால் மூட்டைப் போலவே இவற்றுக்கும் உறையும் குருத்தெலும்பும் உண்டு. ஆகவே முழங்காலைப் போலவே இவையும் தேய்வதும் வீங்குவதும் காயப்படுவதும் உண்டு. பின்னாலிருந்து வாகனம் மோதியதில் தலை வெடுக்கென்று பின்னும் முன்னும் ஆடியவர்களிடம் இம்மூட்டுகள் அடிக்கடி பாதிக்கப்படுகின்றன. அத்தகைய விபத்துக்குப் பின் நாட்பட்ட கழுத்து வலியால் அவதியுற்ற ஐம்பது பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்து 1995இல் வெளியிட்டனர். அவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு வலியின் பிறப்பிடம் ஃபேசட் மூட்டாக இருந்தது.

இம்மூட்டுகளின் வலிக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு: பிறந்த இடத்தில் அது நிற்பதில்லை. கழுத்தின் மேற்பகுதி மூட்டிலிருந்து எழும் வலி பின்தலைக்கு ஏறித் தலைவலியாகத் தெரியும். நடுப்பகுதியிலிருந்து எழுவது கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட மேட்டில் உட்காரும். கீழ்ப்பகுதியிலிருந்து எழுவது தோள்பட்டை எலும்பின் மேல் பரவும். ஆகவேதான் தோளில் வலி என்று வருபவரின் கழுத்தையும், தலைவலி என்று வருபவரின் பிடரியையும் நாங்கள் அழுத்திப் பார்க்கிறோம். "வலிக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கிறாரே" என்று எண்ண வேண்டாம்.

கையின் வழியே விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலியும் மரமரப்பும் வேறு வகை. அங்கே நரம்பின் வேர் நெருக்கப்படுகிறது. அதற்கான சிகிச்சை வேறு என்பதால் இக்கட்டுரையில் அதனைத் தொடவில்லை.

ஸ்கேன் காகிதத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம்

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'தேய்மானம்', 'தட்டு பிதுங்கல்' என்ற சொற்களைப் படித்ததும் இனித் தலையைத் திருப்பவே கூடாது என்று முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு. ஜப்பானில் கழுத்து தொடர்பான தொல்லை எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவர்களுள் 87.6 விழுக்காட்டினருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதினரும் இதற்கு விலக்கில்லை. வலியே இல்லாதவர்களின் படம் இது. தலைமுடி நரைப்பதைப் போன்ற மாற்றங்கள் பல அந்த அறிக்கையில் நோயின் பெயரோடு எழுதப்படுகின்றன. ஸ்கேன் தேவையற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டி, தொற்று, எலும்பு முறிவு, தண்டுவட நெருக்கம் ஆகியவற்றைக் கண்டறிய அது இன்றியமையாதது. ஆனால் எந்த மூட்டு வலிக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதைச் சொல்வதற்கு வேறொரு சோதனை தேவைப்படுகிறது.

சோதனை ஊசி

ஒவ்வொரு ஃபேசட் மூட்டின் உணர்வையும் மூளைக்கு எடுத்துச் செல்வது 'உட்கிளை நரம்பு' எனப்படும் மெல்லிய நரம்பு. பெரும்பாலான மூட்டுகளுக்கு மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக இரு கிளைகள் வருகின்றன. ஐயத்திற்குரிய மூட்டின் இரு கிளைகளையும் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே அணுகி, மிகச் சிறிதளவு மரப்பு மருந்தைச் செலுத்துகிறோம். மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்திற்கு வலி மறைந்தால், வலி அந்த மூட்டிலிருந்தே வருகிறது என்று கொள்ளலாம். மறையாவிட்டால், வேறிடத்தில் தேட வேண்டும். இது சிகிச்சை அன்று, விசாரணை. சில மணி நேரத்தில் வலி திரும்பி வந்ததும் "ஊசி பலிக்கவில்லை" என்று மனம் உடைந்து தொலைபேசியில் அழைப்பவர்கள் உண்டு. வலி மறைந்து பின் திரும்பியதுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி.

இச்சோதனையை ஒரு முறை செய்து நிறுத்தாமல், வேறொரு நாளில் வேறொரு மருந்துடன் மீண்டும் செய்யுமாறு சொல்கிறோம். "செலவும் அலைச்சலும் இரட்டிப்பாகிறதே" என்னும் குறை எங்களுக்குத் தெரியும். ஒரே ஊசியை நம்பினால் நான்கில் ஒருவருக்கு மேல் தவறான 'ஆம்' கிடைக்கிறது என்பதை ஆய்வாளர்கள் 1993இலேயே காட்டியுள்ளனர். எதிர்பார்ப்பு, ஓய்வு, வலியின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியவை அன்றைய வலியைக் குறைத்துக் காட்டக்கூடும். அந்தத் தவறான 'ஆம்' என்பதை நம்பி அடுத்த சிகிச்சைக்குச் சென்றால், பெருஞ்செலவும் ஏமாற்றமும் மட்டுமே மிஞ்சும். சோதனை ஊசிகள் பயனளிக்காத ஒருவரை அடுத்த கட்டத்திற்கு அழைத்துச் செல்லாமல் நிறுத்துவதும் நல்ல மருத்துவமே என்பது எங்கள் கருத்து.

சோதனை நாளில் குடும்பத்தாருக்கு ஒரு முக்கியப் பணி உண்டு. ஊசி போட்டபின் நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் சென்று போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிட்டால் சோதனை வீணாகிவிடும். வழக்கமாக எந்த அசைவு வலிக்குமோ அதை அன்று செய்து பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பட்டும், அண்ணாந்து பரணைப் பார்க்கட்டும், குனிந்து காய் நறுக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை பூச்சியத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு தாளில் குறித்து வையுங்கள். வலி மாத்திரைகளை அன்று எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதை முன்னரே எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை குறைத்த வலியை ஊசி குறைத்ததாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. நோயாளி வாகனம் ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது என்பதால் துணைக்கு ஒருவர் வருவது கட்டாயம்.

வெப்பத்தால் நரம்பை உறையச் செய்தல்

இரு சோதனைகளிலும் வலி தெளிவாகக் குறைந்தவர்களுக்கே அடுத்த கட்டமான ரேடியோ அதிர்வெண் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். நுனியைத் தவிர மற்றப் பகுதி முழுதும் காப்புறை இடப்பட்ட ஊசியை, எக்ஸ்ரே திரையின் உதவியோடு உட்கிளை நரம்பின் அருகே அதன் நீளவாக்கில் வைக்கிறோம். உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாயும்போது ஊசி நுனியைச் சூழ்ந்த திசு 80 டிகிரி செல்சியஸ் அளவிற்குச் சூடேறுகிறது. ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் இந்த வெப்பம் நீடித்தால் அவ்விடத்தில் நரம்பிழை உறைந்து செய்தி அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. வெப்பம் ஏற்றும் முன்னர் சிறு மின்தூண்டல் கொடுத்து, கையின் தசைகள் துடிக்கவில்லை என்பதை உறுதி செய்கிறோம். இதன்பொருட்டே நீங்கள் முழு மயக்கத்தில் இல்லாமல் பேசக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்கிறோம்.

இச்சிகிச்சையை உலகம் ஏற்றதற்கு வழிவகுத்தது ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் நிகோலாய் போக்டக் குழுவினர் நடத்தி 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. விபத்துக்குப்பின் நாட்பட்ட கழுத்து வலியுற்ற 24 பேர் அதில் பங்கேற்றனர். பன்னிருவருக்கு 80 டிகிரி வெப்பம் தரப்பட்டது. மற்றப் பன்னிருவருக்கு ஊசி, நேரம், கருவியின் ஒலி ஆகிய அனைத்தும் அப்படியே இருக்க, வெப்பம் மட்டும் உடல் அளவான 37 டிகிரியில் நிறுத்தப்பட்டது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வலியை மதிப்பிட்டவருக்கும் தெரியாது. பழைய வலியில் பாதி திரும்புவதற்கு ஆன நாட்களின் இடைநிலை, வெப்பம் பெற்றோரில் 263; பெறாதோரில் 8. பங்கேற்றவர் தொகை சிறிது என்றாலும், இவ்வளவு கண்டிப்பாக நடத்தப்பட்ட ஆய்வு இத்துறையில் அரிது.

அந்த 263 என்னும் எண்ணைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்பது மாதம். என்றென்றைக்கும் என்று அது சொல்லவில்லை. நரம்பிழையை ஓரிடத்தில் உறையச் செய்தாலும் அதன் உயிரணுவின் உடற்பகுதி தண்டுவடத்தின் அருகே பத்திரமாக இருக்கிறது. அங்கிருந்து இழை மெல்ல மீண்டும் வளர்ந்து மூட்டை அடைகிறது. வெட்டிய கிளை துளிர்ப்பதைப் போன்றதே இது. அப்போது வலி திரும்பலாம். முதல் முறை நன்கு பயன்பட்டவருக்குச் சிகிச்சையை மீண்டும் செய்யலாம்.

செய்துகொண்ட இடத்தில் ஓரிரு வாரம் வலி கூடுதலாக இருப்பது வழக்கம். சிலருக்குப் பிடரித் தோலில் சில வாரங்கள் மரமரப்போ எரிச்சலோ இருக்கும். கழுத்தின் உச்சிப் பகுதியில் செய்துகொண்டவர்கள் நடக்கும்போது சற்றுத் தள்ளாடலாம். அவர்களை முதல் சில நாட்கள் குளியலறைக்கும் மாடிப்படிக்கும் தனியே விடாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்றிருப்பவர்கள், காய்ச்சலோ தோல் தொற்றோ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரத்த மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவது ஆபத்தானது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் நாங்களும் சேர்ந்து முடிவு செய்வோம்.

ஏன் பயிற்சி?

"வலிதான் போய்விட்டதே, பயிற்சி எதற்கு?" என்னும் கேள்விக்கு உடலமைப்பே விடை வைத்திருக்கிறது. உட்கிளை நரம்பு மூட்டின் வலியை எடுத்துச் செல்வதோடு நிற்பதில்லை. கழுத்தெலும்புகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் 'மல்டிஃபிடஸ்' என்ற ஆழ்தசையை இயக்குவதும் அதே நரம்புதான். வலியை நிறுத்த அந்த நரம்பை உறையச் செய்யும்போது, அத்தசைக்குச் செல்லும் ஆணையின் ஒரு பகுதியும் நிற்கிறது. வலிக்காத கழுத்து கிடைக்கிறது. ஆனால் உட்தாங்கல் சற்றுக் குறைந்த கழுத்து. அண்டைத் தசைகள் அந்தச் சுமையை ஏற்கும்படி பழக்கப்பட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட நாள் வலி இருந்தவர்களின் கழுத்தில் முன்புற ஆழ்தசைகள் சோம்பிப் போகின்றன. அவற்றின் வேலையைக் கழுத்தின் இருபுறமும் கயிறுபோல் புடைத்துத் தெரியும் மேல்தசைகள் ஏற்று எப்போதும் விறைத்து நிற்கின்றன. வலி நின்றவுடன் இந்தப் பழக்கம் தானாக மாறிவிடுவதில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையை நாள் முழுதும் தாங்க வேண்டிய தசைகளுக்குத் தங்கள் வேலையை மீண்டும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வலி மிகுந்த காலத்தில் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. ஒவ்வோர் அசைவிலும் கழுத்து அஞ்சிப் பூட்டிக்கொள்ளும். நரம்புச் சிகிச்சை அந்தப் பூட்டைச் சில மாதங்களுக்குத் திறந்து வைக்கிறது.

பயிற்சிக்கும் உறுதியான சான்று உண்டு. பின்லாந்தில் நாட்பட்ட கழுத்து வலியுற்ற, அலுவலகப் பணி புரியும் 180 பெண்களை ஓராண்டு கண்காணித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி வலுப் பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினர் படுத்த நிலையில் தலையைத் தூக்கித் தாங்குதிறன் பயிற்சி செய்தனர். இரு குழுவினரும் வாரம் மூன்று முறை வீட்டிலேயே செய்தனர். ஓராண்டின் முடிவில் இரு குழுக்களிலும் வலியும் இயலாமையும் நன்கு குறைந்திருந்தன. தசைகளை நீட்டும் பயிற்சியையும் நடை போன்ற பொதுப் பயிற்சியையும் மட்டும் அறிவுறுத்தப்பெற்ற மூன்றாம் குழுவினர் அந்த அளவு பயன் பெறவில்லை. கழுத்தை மெல்லச் சுழற்றிவிட்டுப் "பயிற்சி செய்துவிட்டேன்" என்று சொல்வோருக்காக இதனைக் குறிப்பிடுகிறோம்.

எங்கே தொடங்குவது?

தொடக்கப் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். பலர் அதை மதிக்காமல் விட்டுவிடுவதும் அதனால்தான். முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுங்கள். தலைக்கடியில் மெல்லிய துண்டொன்றை மடித்து வையுங்கள். தலையைத் தரையிலிருந்து தூக்காமல், "ஆம்" என்று சொல்வதுபோல் மோவாயை மிக மெதுவாகத் தொண்டை நோக்கி அசையுங்கள். கழுத்தின் இருபுறத்திலும் விரல்களை வைத்துப் பாருங்கள். அங்குள்ள கயிறு போன்ற தசைகள் புடைத்தால் அசைவு அளவு மீறிவிட்டது என்று பொருள். அவை தளர்ந்திருக்க, உள்ளே மட்டும் மென்மையான இறுக்கம் தோன்ற வேண்டும். பத்து நொடி அப்படியே நிறுத்தி, மூச்சை அடக்காமல் விட்டு வாங்கி, பின் தளருங்கள். பத்து முறை செய்யலாம். இயன்முறை மருத்துவப் பிரிவில் கழுத்தின் பின்னே சிறு காற்றுப் பையை வைத்து, அதன் அழுத்தம் 20 பாதரச மில்லிமீட்டரிலிருந்து எவ்வளவு உயர்கிறது என்று காட்டிப் பழக்குவார்கள். முதல் நாளில் 22ஐத் தொட்டு நிறுத்தவே திணறுபவர்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது கைவந்த பிறகு உட்கார்ந்த நிலையில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னும் கீழுமாக இழுத்து நிறுத்தும் பயிற்சியும், அதன்பின் உள்ளங்கையை நெற்றியிலும் பக்கவாட்டிலும் பிடரியிலும் வைத்துத் தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளும் பயிற்சியும் வரும். ரப்பர் பட்டையும் சிறு எடைகளும் இறுதியில். எத்தனை வாரத்தில் எதற்கு ஏறுவது என்பதை ஒவ்வொருவரின் கழுத்தையும் பார்த்தே இயன்முறை மருத்துவர் முடிவு செய்வார். பக்கத்துப் படுக்கைக்காரரின் பட்டியலை நகல் எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்யும்போது சிறிது வலித்து, சற்று நேரத்தில் அடங்கினால் தொடரலாம். மறுநாள் காலைவரை வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். நரம்புச் சிகிச்சைக்குப் பின் முதல் சில நாட்கள் மெல்லிய அசைவும் நடையும் போதும். ஊசி இடத்தின் வலி அடங்கியதும் முறையான பயிற்சியைத் தொடங்கலாம்.

தையல் எந்திரத்தின் முன்னும், நகைப் பட்டறையிலும், கணினித் திரையின் முன்னும் மணிக்கணக்கில் குனிந்திருப்போர் "எந்த நிலையில் அமர்வது சரி?" என்று கேட்கின்றனர். எவ்வளவு நல்ல நிலையானாலும் அதிலேயே நெடுநேரம் உறைந்திருப்பதைக் கழுத்து விரும்புவதில்லை. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் அணிவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. தாங்குகோல் கிடைத்த தசை மேலும் தளர்ந்துபோகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அன்பினாலேயே சிலர் நோயாளியை முடக்கிவிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொடவிடாமல், பேரக்குழந்தையைத் தூக்கவிடாமல் பார்த்துக்கொள்வது முதல் வாரத்திற்குச் சரி; ஆறாவது மாதத்திலும் தொடர்ந்தால் தீங்கு. வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள், எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுகின்றனர். இச்சிகிச்சையின் ஆய்வில் பங்கேற்ற 17 பேரின் மனநிலையையும் அதே ஆய்வுக் குழுவினர் அளந்து 1997இல் வெளியிட்டனர். வலி முற்றிலும் நீங்கியவர்களுக்கு, மனத்திற்குத் தனியே எந்தச் சிகிச்சையும் தரப்படாமலேயே, மனவேதனையும் நீங்கியிருந்தது. எரிச்சலும் அழுகையும் தூக்கமின்மையும் பல நேரங்களில் வலியின் விளைவுகள். அவற்றையே வலியின் காரணமாகக் காட்டி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

சில அறிகுறிகள் தோன்றினால் பயிற்சியையும் அடுத்த சந்திப்பையும் எதிர்பார்த்திராமல் உடனே வர வேண்டும். சட்டைப் பொத்தானைப் போடவோ சாவியைத் திருப்பவோ விரல்கள் தடுமாறுதல், நடையில் புதிதாகத் தள்ளாட்டம், கை கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலத்தின் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டலாம். காய்ச்சலோடு கூடிய கழுத்து வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் கழுத்து வலி, விழுந்தபின் தோன்றும் கடும் வலி ஆகியவையும் அவ்வாறே. ஊசிக்குப் பின் காய்ச்சலோ, ஊசி இடத்தில் சீழோ, கை கால்களில் புதிய பலவீனமோ கண்டால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

நரம்புச் சிகிச்சைக்குச் சில மாதங்களுக்குப் பின் பழைய இடத்தில் வலி மெல்லத் தலைகாட்டினால் பதற வேண்டாம். எங்களைப் பார்க்க வரும்போது, எந்தத் தேதியிலிருந்து வலி திரும்பியது, இடைப்பட்ட காலத்தில் எந்தெந்தப் பயிற்சியை எத்தனை நாள் செய்தீர்கள், இப்போது எந்த வேலை முடிகிறது, எது முடியவில்லை என்பதைக் குறித்த தாளையும் கொண்டு வாருங்கள். ஊசியை மீண்டும் போடுவதா, பயிற்சியை மாற்றி அமைப்பதா என்பதைத் தீர்மானிக்க எங்களுக்கு ஸ்கேனைவிட அந்தத் தாளே பெரிதும் உதவும்.